தவளை விமானம்

"தலை சுத்துதுன்னு சொல்லிட்டு இறங்கிடுங்க மிஸ். நான் சாட்சி சொல்றேன்" என்றார் மெக்கானிக் பெர்ட்.

விமானி இருக்கையில் இருந்த ஹெஸ்டர் தோல் தொப்பியின் வாரை இறுக்கினாள்.

விமானங்களை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. போர் தொடங்கியதிலிருந்து எத்தனையோ ரகம் ஓட்டிவிட்டாள். இப்படியொரு அவலட்சணத்தைப் பார்த்ததில்லை. உப்பிய வயிறு, சப்பை மூக்கு, உடம்புக்குப் பொருந்தாத குட்டைச் சிறகு. எல்லோருக்கும் அது 'தவளை'தான்.

"தவளையாவது தாவும். இது அதுவும் செய்யாது" என்றார் பெர்ட். "முந்தாநாள் டாஃப்னி கடல்ல விழுந்ததும் இதே ரகத்துலதானே? மறந்துட்டீங்களா?"

மறப்பதா? டாஃப்னியின் கட்டில் அவள் கட்டிலுக்கு அடுத்தது. நேற்றுதான் அதன் போர்வையை மடித்து எடுத்துப்போனார்கள்.

"அங்கே பசங்க விமானம் இல்லாம தவிச்சிட்டிருப்பாங்க பெர்ட். சக்கரக்கட்டையை எடுங்க."

ஓடுபாதை முடிகிற இடத்தில்தான் தவளை தரையை விட்டது. வேலியோர மரங்களின் உச்சி சக்கரத்தில் உரசியது. கடலுக்கு மேலே போகும்போது இடது எஞ்சின் இருமத் தொடங்கியது. இருமி இருமி நின்றே போனது. விமானம் ஒருக்களித்துச் சரிந்தது. கீழே ஈய நிறத்தில் அலைகள்.

"அம்மாடி, கொஞ்சம் பொறுத்துக்கடி!" என்று இரும்பிடம் கெஞ்சினாள். மிதியை அழுத்திய கால் மரத்துப்போனது. டாஃப்னியும் இப்படித்தான் கெஞ்சியிருப்பாளோ?

கரை தெரிந்தது. குதித்துவிடலாம்; முதுகில் பாராசூட் இருந்தது. ஒரு விமானம் குறைந்தால் எந்தப் பிள்ளை சாவானோ என்று நினைத்துப் பல்லைக் கடித்தாள். குதிக்கவில்லை.

தவளையைப் பூப்போல இறக்கினாள். கீழே இறங்கியதும் சிறகைப் பிடித்தபடி வாந்தி எடுத்தாள்.

எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியுடன் ஒரு பெரியவர் ஓடிவந்து அவள் தோளைத் தாங்கினார்.

"ஒரு கீறல்கூட விழலை" என்றாள் மூச்சிரைக்க. "யார் ஓட்டப்போறாங்க?"

"ஓட்டறதா?" அவர் திகைத்தார். அவருக்குப் பின்னால் கோடாலியும் ரம்பமுமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். "இந்த ரகமே உதவாதுன்னு போன மாசமே தள்ளிட்டாங்களே மிஸ், உங்களுக்கு யாரும் சொல்லலையா? வெட்டி உருக்கத்தான் எல்லாத்தையும் இங்கே வரவழைக்கிறோம்."