இத்தாலியன் இறக்கம்

மும்பை வியாபாரி காரிலிருந்து தன் பின்னாலேயே ஒரு வெள்ளைக்காரரையும் இறக்கியபோது, பனியன் கம்பெனி முதலாளி திருமூர்த்தி கும்பிட்ட கையை இறக்காமலே கம்பெனிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே சாம்பிள் ரூமில் அவரும் ஒரு வெள்ளைக்காரரை உட்கார வைத்திருந்தார்.

திருப்பூரில் இத்தாலியன் என்றால் காலர். இத்தாலியன் என்றால் புது வீட்டு மார்பிள் தரை. சாதாரண டீ-ஷர்ட்டை மடிப்புக் கலையாமல் அட்டைப் பெட்டியில் வைத்தால் அதுவும் இத்தாலியன். அந்த வார்த்தைக்கு ஒரு நாட்டுக்காரர் என்றும் அர்த்தம் உண்டு என்பது, மும்பைக்காரர் போனில் கேட்டபோதுதான் திருமூர்த்திக்கு உறைத்தது. டிசைனர் அசல் இத்தாலியன்தானே?

ஆமாங்க என்று சொல்லிவிட்டார்.

சொல்லாமல் என்ன செய்வார்? கம்பெனியில் பாதி மெஷின் உறை போட்டுக் கிடந்தது. இந்த ஆர்டரும் போனால் மீதிக்கும் உறை தைக்க வேண்டியதுதான்.

மடத்துக்குளத்தில் வருசக்கணக்காகக் குத்தகைக்கு நெல் போட்டிருந்த போலந்துக்காரர் தோமெக்கைப் பிடித்து, கோட்டு மாட்டிக் கூட்டிவந்தார். வாயைத் திறக்க வேண்டாம், கையை மட்டும் ஆட்டினால் போதும், இத்தாலிக்காரர்கள் அப்படித்தான் என்று சொல்லிக் கொடுத்தாள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அபிராமி.

இப்போது மும்பைக்காரர் தன் ஆளை முன்னால் தள்ளினார். இத்தாலியன் கன்சல்டன்டாம். ஒரே நாட்டுக்காரர்கள், பேசிக்கொள்ளட்டும் என்றார்.

இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது இரண்டு பேரும் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். கைகள் நாலு பக்கமும் பறந்தன. தோமெக் தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். கன்சல்டன்ட் தலையை ஆட்டி, நடுத்தொடையில் கை வைத்தார். தோமெக் நெற்றியில் அடித்துக்கொண்டார். கன்சல்டன்டின் கை ஒரு விரற்கடைகூட மேலே ஏறவில்லை. கடைசியில் இரண்டு பேரும் பெருமூச்சு விட்டு, நடுத்தொடையிலேயே நின்றார்கள்.

அபிராமி ஓடிப்போய் டேப் வைத்து அளந்தாள். டீ-ஷர்ட் தொடைக்கு இறங்கியது.

இந்த இறக்கம்தான் அசல் இத்தாலியன் என்று மும்பைக்காரர் நெஞ்சில் கை வைத்தார். அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

கார் கேட்டைத் தாண்டியது. திருமூர்த்தி தோமெக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, இத்தாலி பாஷை தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லவே இல்லீங்களே?"

"போலிஷ்தானுங்க. அவரு எங்க நாட்டுக்காரரு, கொமரலிங்கத்துல நெல்லு போட்டிருக்காரு. கையை மட்டும் ஆட்டுனாப் போதும்னு அவரையும் மும்பைக்காரரு கூட்டிட்டு வந்துட்டாராம். வாய்க்கால்ல போன வருசம் இடுப்பளவு தண்ணிங்க. இந்த வருசம் தொடைக்கு மேல ஏறாதுங்கறாரு."

கட்டிங் மேசையில் கத்தி ஓட ஆரம்பித்திருந்தது.

திருமூர்த்தி மேற்கே பார்த்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணி இடுப்புக்கு ஏறினால் அசல் இத்தாலியனும் இடுப்புக்கு ஏறிவிடுமே.

தோட்டங்காடு உழுத குடும்பத்தில் பிறந்தவர், சரக்கு மும்பை போய்ச் சேரும்வரைக்குமாவது மழை வேண்டாம் என்று கும்பிட்டார்.