சொந்தக் குரல்

“சேச்சி, மினுக்குட்டிக்கு எழுதிக் குடுத்தாச்சா?”

வாசகசாலை வராந்தாவில் குடையை மடக்கிக்கொண்டே ஜிஷா கேட்டாள்.

கணவனின் அக்கா பிரஜிதா சிரித்தாள். “நான் என்னத்த எழுத? புத்தகத்தப் படிச்சது அவ. அவளே போய்ச் சொல்லட்டும்.”

ஜிஷா பிரஜிதாவின் மகள் மினுவைப் பார்த்தாள். தலை சரியாக வாரவில்லை. ஒரு காதில் கம்மலைக் காணோம். மேடை ஏறப்போகிற பிள்ளையை இப்படியா கூட்டிவருவார்கள்? இதெல்லாம் ஒரு அம்மாவா?

ஜூன் மாத வாசிப்பு வாரம் அது. வாசகசாலைக்குப் புதிதாக வந்த படப் புத்தகங்களைப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்று மைக் முன்னால் நின்று, அந்தப் புத்தகத்தை மற்றப் பிள்ளைகளும் ஏன் படிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்கிற பிள்ளைக்குப் பரிசு.

“தன்மயா மோளே, போன வருஷம் மாதிரி மைக்கப் பாத்ததும் அழுதுடாத. மழை போதாதுன்னு கண்ணூருக்கே வெள்ளம் வந்துடும்,” என்று பிரஜிதா ஜிஷாவின் மகள் கன்னத்தைத் தட்டினாள்.

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் ஜிஷாவுக்கு முகம் சுண்டிப்போனது.

போன வருஷம் தன்மயா மேடையில் பேச்சு வராமல் அழுது, நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். ஊரே பார்க்க ஜிஷாதான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் அம்பலத்தில் தொழப் போனால்கூட யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் அவள் விடவில்லை. பல் தேய்க்கும்போது, தோசை ஊட்டும்போது, ஸ்கூல் வேனுக்கு நிற்கும்போது என்று எந்நேரமும் எழுதிக் கொடுத்த அதே பேச்சுதான். ஒரு சொல் பிசகினால் மறுபடி முதலிலிருந்து.

முதலில் மினுவைக் கூப்பிட்டார்கள்.

“முள்ளில்லாத பலாக்காயோட கதை இது,” என்று ஆரம்பித்தாள் மினு. “மத்த பலாக்காய் எல்லாம் அதக் கிண்டல் பண்ணுது. அது பேசாம தொங்குது. கடைசில அணிலு மட்டும் அது மேல வந்து படுத்துக்குது.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“எனக்கு அணிலப் பிடிச்சுது. பலாக்காயப் பிடிக்கல. அவ்ளோ கிண்டல் பண்ணா சும்மாவா இருப்பாங்க? நானா இருந்தா யாரு தலையிலயாவது தொப்புனு விழுந்திருப்பேன்.”

கூடம் குலுங்கிச் சிரித்தது. நடுவராக உட்கார்ந்திருந்த வத்சலா டீச்சரும் சிரித்துவிட்டார்.

“யாரு தலையில விழுவ?”

“எங்க சேட்டன் தலையில!” என்று அண்ணனை மாட்டிவிட்டாள்.

ஜிஷா நாற்காலியை நகர்த்திப் பிரஜிதாவின் காதருகே குனிந்தாள்.

“தன்னம்பிக்கை வரணும்னு வாங்கிப் போட்ட புத்தகம், சேச்சி. போய் அதப் பிடிக்கலைங்கறா! கொஞ்சமாவது சொல்லிக் குடுத்திருக்கலாம். எனக்கே வெட்கமா இருக்கு.”

பிரஜிதாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “நெசந்தான் ஜிஷா,” என்று தலையைக் குனிந்துகொண்டாள். “நான் கவனிக்காம விட்டுட்டேன்.” மேடையிலிருந்து துள்ளிக்கொண்டு வந்த மகளைச் சட்டென்று இழுத்து உட்காரவைத்தாள்.

இன்னும் நாலைந்து பிள்ளைகள் பேசி முடித்த பிறகு, கடைசியாகத் தன்மயா.

இரட்டைப் பின்னலும் பட்டுப்பாவாடையுமாகப் போய் நின்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை; மைக்கைத் தாழ்த்த வேண்டியிருந்தது. ஜிஷா கண்ணை மூடி, “குருவாயூரப்பா” என்றாள்.

“மதிப்புக்குரிய பெரியோர்களே! நான் பரிந்துரைக்கும் புத்தகம், கரகரத்த குரல் கொண்ட ஒரு தவளைக்குட்டியின் கதை. எல்லாத் தவளைகளும் ஒரே மாதிரி கத்தும்போது, அது மட்டும் தன் குரலில் பாடுகிறது.”

ஒரு தடங்கல் இல்லை. கையை நீட்ட வேண்டிய இடத்தில் கை நீண்டது. கீழே ஜிஷாவின் உதடுகளும் கூடவே அசைந்துகொண்டிருந்தன.

“நண்பர்களே! பிறர் சொல்லித் தந்ததைச் சொல்லாதீர்கள். உங்கள் மனதில் தோன்றுவதை உங்கள் குரலில் சொல்லுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு குரல் உண்டு. நன்றி. வணக்கம்!”

கைதட்டல் ஓயவே இல்லை. பின் வரிசையில் யாரோ, “போன வருஷம் அழுத பிள்ளையா இது!” என்றார்கள். ஜிஷாவுக்குக் கண் நிறைந்தது. மானம் திரும்பி வந்துவிட்டது.

“பரிசு யாருக்குன்னு இனி நான் வேற சொல்லணுமா?” என்று எழுந்த வத்சலா டீச்சர், மேடையேறித் தன்மயாவின் பக்கத்தில் குனிந்தார். அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, ஆசையாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“எவ்வளவு அழகான படங்கள்! இதுல உனக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது மோளே?”

தன்மயா புத்தகத்தைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு கீழே அம்மாவைத் தேடினாள்.

ஜிஷாவின் உதடுகள் அசையவில்லை. பின் அட்டையில் இருந்த வரிகளை வைத்துத்தான் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். உள்ளே என்ன படம் இருக்கிறது என்று அவளும் பார்த்ததில்லை, பிள்ளைக்கும் காட்டியதில்லை.

பிரஜிதாவும் திரும்பி ஜிஷாவைப் பார்த்தாள்.

வீட்டில் பாடம் கேட்கிற அதே அடக்கமான குரலில் தன்மயா கேட்டாள். மைக் அதை வாசகசாலை முழுவதற்கும் சொன்னது.

“அம்மே, எனக்கு எந்தப் படம் பிடிச்சுது?”