நாகுதா என்னும் கொள்ளைக்காரன்

மேடையில் பேராசிரியர் நாகுதாவைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார்.

சோழமண்டலக் கடலையே கலக்கிய கொள்ளைக்காரனாம். டச்சுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தவனாம். நாகப்பட்டினத்துக்கு வெளியே ஒரு கப்பலை மறித்தானாம். அப்புறம் மலாக்கா போகும் வழியில் இன்னொன்றாம்.

இரண்டுக்கும் நடுவே எண்பது வருஷம்.

அதைக்கூட அந்த மனுஷர் கவனிக்கவில்லை.

முன்வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவருடைய ஆய்வு மாணவி. மடியில் அவளுடைய ஆய்வேடு. முதல் பக்கத்தில் நெறியாளர் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இத்தனை வருஷப் படிப்பும் அம்போ.

அந்தக் கொள்ளைக்காரனைப் பெற்றவளே அவள்தான்.

சேர்ந்த புதிதில், பழைய ஆவணங்களைச் சரியாக வாசிக்கத் தெரியாமல், நாகுதா என்பது ஒரு ஆளின் பெயர் என்று நினைத்து எழுதிக் கொடுத்தாள்.

அப்புறம்தான் தெரிந்தது. நாகுதா என்றால் கப்பல் தலைவன். எந்தக் கப்பலிலும் ஒரு நாகுதா இருப்பான்.

ஊரிலுள்ள பஸ்ஸையெல்லாம் டிரைவர் என்ற ஒரே ஆள் ஓட்டுகிறார் என்று எழுதிய மாதிரி.

வெட்கத்தோடு திருத்தி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பிரித்தே பார்க்கவில்லை. பழையதை எடுத்துக் கூச்சமே இல்லாமல் தன் பேரில் போட்டுக்கொண்டார்.

ஈயடிச்சான் காப்பி. ஈ உட்பட.

கொள்ளையைப் பற்றிப் பேச முழுத் தகுதியும் உள்ளவர்தான்.

கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டாள்.

பொன்னாடையோடு இறங்கி வந்தார். அவள் ஆய்வேட்டை நீட்டினாள். நாகுதா என்று ஒரு ஆளே இல்லை என்பது உள்ளே ஒரு அத்தியாயம் முழுக்க இருந்தது.

அவர் புரட்டவில்லை. அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் பேச்சைப் புத்தகமாப் போடலாம்னு பதிப்பகத்துல கேக்கறாங்க மெர்சி. ஏதாச்சும் திருத்தணுமா?"

இப்போது சொல்லலாம்.

சொன்னால் தப்பித்துவிடுவார்.

மை காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு ஆய்வேட்டை மூடினாள்.

"ஒண்ணுமே வேணாம் சார். அட்டையில அவன் பேரப் பெருசாப் போடுங்க."