புகாரில் எழுத ஒரு பெயர்

ரப்பர் மாஸ்க்கை ஃபோர்மேன் வெர்னரின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டாள் ரிக்மோர்.

"இதைத்தானே பாதுகாப்புன்னு கொடுத்தீங்க? எஸ்கில் காய்ச்சல்ல கிடக்கிறான்."

திங்கட்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரம். மற்ற ஆட்கள் எட்டுப் பேரும் கையில் ரொட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

டென்மார்க்கின் வட கோடியில், மாட்டுக்கொட்டகைகளுக்குத் தடுப்புக் கம்பி செய்யும் சின்னப் பட்டறை அது. எல்லாமே துத்தநாகம் பூசிய குழாய்கள். வெல்டிங் வைத்ததும் வெள்ளை வெளேரென்று புகை கிளம்பும். அதை இழுத்தவனுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து பல் கிட்டித்துவிடும்.

எஸ்கிலைப் போலவே ரிக்மோரும் அங்கே வெல்டர்தான். ஆட்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதியும் அவள்தான். மூன்று மாதமாக அவள் கேட்டது, பேட்டரியில் ஓடி முகத்தில் நல்ல காற்றை ஊதும் ஹெல்மெட். வந்து சேர்ந்ததோ, இறுக்கிக் கட்டிக்கொள்ளும் ரப்பர் மாஸ்க்கும் இரண்டு ஃபில்டரும். புகையை உறிஞ்சும் குழாய்தான் இருக்கிறதே, இந்த மாஸ்க் போதும், தாடி இருந்தால் மட்டும் சரியாகப் பொருந்தாது என்று வெர்னர் சொல்லிவிட்டார். ஆசை ஆசையாக வளர்த்த தாடியெல்லாம் போனதுதான் மிச்சம்.

"தாடியை எடுன்னு சொல்லத் தெரிஞ்ச உங்களுக்கு, ஒரு ஹெல்மெட் வாங்கத் துப்பில்ல. கண்ணாடி ரூமுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு எங்களைப் புகை குடிக்க விடுறீங்க. மனுஷனா நீங்க?"

வெர்னரின் காது சிவந்துவிட்டது. மாஸ்க்கைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"எஸ்கில்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ, ரிக்மோர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

திமிரைப் பார், என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கே எஸ்கிலிடம் கையெழுத்து வாங்கி, சாயங்காலத்துக்குள் தொழிலாளர் துறைக்குப் புகார் அனுப்பப் போவதாக எல்லோர் முன்னாலும் சொன்னாள். புகார் போனால் வெர்னரின் வேலை தங்காது. ஓய்வுபெற அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

எஸ்கில் வீட்டு சோபாவில் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தான். தூவ என்ற பெயருடைய அவன் மனைவி ரிக்மோருக்கு ஒரு கோப்பை காபி ஊற்றி வைத்தாள். முகத்தில் சிரிப்பில்லை. புருஷனுக்கு உடம்பு முடியாதபோது யாருக்குச் சிரிப்பு வரும் என்று ரிக்மோர் நினைத்துக்கொண்டாள்.

புகார்ப் படிவத்தை நீட்டியதும் எஸ்கில் அதைத் தள்ளிவிட்டான்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது பட்டறைப் புகை இல்ல."

"அந்த ஆளுக்கு எதுக்கு இப்படிப் பயந்து சாகுறே?"

"பயமெல்லாம் இல்ல. வெல்டு வெச்ச அன்னிக்கு ராத்திரியே காய்ச்சல் வந்துடும்னு நீதானே எங்களுக்குப் பாடம் எடுத்தே? வெள்ளிக்கிழமை மத்தியானமே பட்டறையை மூடியாச்சு. எனக்கு வந்தது நேத்து ராத்திரி."

ரிக்மோர் மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். அப்புறம் அவனே மெல்லச் சொன்னான். நேற்று நல்ல மழை. கராஜ் கதவை மூடிக்கொண்டு துத்தநாகம் பூசிய ஒரு சட்டத்துக்கு இரண்டு மணி நேரம் வெல்டிங் செய்திருக்கிறான், மாஸ்க் இல்லாமல். மாஸ்க் பட்டறை அலமாரியில் பூட்டிக் கிடந்தது. யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் ரிக்மோர்தான்.

"யாருக்குச் செஞ்சே?"

"தெரிஞ்சவங்களுக்கு. சும்மா ஒரு உதவி. விடேன்."

ரிக்மோரின் கோபம் வெர்னரை விட்டுவிட்டு அந்த முகம் தெரியாத ஆள்மேல் பாய்ந்தது.

"சும்மா வேலை வாங்கத் தெரியுது. மாஸ்க் இருக்கா, கதவைத் திறந்து வெச்சுக்கிட்டியான்னு கேக்க மட்டும் வாய் வரலையா? அடுத்தவன் நுரையீரல்னா அவ்வளவு இளப்பமாப் போச்சா? பேரைச் சொல்லு எஸ்கில். வெர்னர் பேரை அடிச்சுட்டு அந்தப் பேரை எழுதுறேன். ஊருக்கே தெரியட்டும்."

எஸ்கில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். தூவ காபிக் குடுவையை மேஜையில் வைத்தாள்.

"எழுது. உன் பேருதான். சனிக்கிழமை ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டியே உன் படகு டிரெய்லரை, கராஜ்ல ரெடியா நிக்குது. ஒரு மூலையில விரிசல்னு சொன்னே. பாதிச் சட்டமே போயிருந்தது."

படகை ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் அந்த டிரெய்லரை வியாழக்கிழமை அவள்தான் கொண்டுவந்து விட்டிருந்தாள். ஏதாவது போல்ட்டைப் போட்டு முடுக்கிவிடுவான் என்று அவள் இருந்துவிட்டாள். உண்மையில் எப்படிச் செய்வான் என்று அவள் யோசிக்கவே இல்லை. படிவத்தை மடித்தாள்.

அதைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"வெர்னருக்குத் தெரியுமா?"

"காலையில ஆறு மணிக்கே போன்ல சொல்லிட்டேன்" என்றான் எஸ்கில், சுவரைப் பார்த்தபடியே. "உன் பேரை யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொன்னதே அவர்தான். 'இது வெளியே தெரிஞ்சா அப்புறம் அவ பேச்சை எவனும் மதிக்க மாட்டான். என்கூடச் சண்டை போட்டு உங்களுக்கு ஹெல்மெட் வாங்கித் தர, அவளை விட்டா ஆள் ஏது'ன்னாரு."