முனையின் மூன்றாவது பயன்

நாளைக் காலை நான் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வில் சமூக அறிவியல் எழுதவிருக்கிறேன். முனை என்பது கடலுக்குள் நீண்டிருக்கும் உயர்ந்த நிலப்பகுதியாகும். வரையறை எனக்கு மனப்பாடம். ஆயினும் ‘அதன் மூன்று பயன்களை விளக்குக’ எனும் வினா நாற்பத்தெட்டு வயதில் என்னை அலைக்கழிக்கிறது. மரக்காணத்துக் கரையோ கயிறு பிடித்துக் கட்டியதுபோல் நேராகக் கிடக்கிறது. ஆகவே, ஓமனில் முனையைக் கண்டு திரும்பிய தாஜுதீன் பாய் வரப்புச் சேற்றை அள்ளி, நாங்கள் வேலை செய்யும் உப்புப் பாத்தியின் ஓரத்தில் அதைச் செய்து காட்டுகிறார். மாலை வெயிலில் உப்புநீர் கண்ணைப் பறிக்கிறது. சேற்று முனையின் மூன்று புறமும் நீர் தளும்புகிறது.

“பாருங்கக்கா, உச்சியில லைட்ஹவுஸ் வைப்பாங்க. பகல்ல கப்பல்காரன் இதை அடையாளம் பார்த்துத்தான் திரும்புவான். ரெண்டாச்சா? இந்தப் பக்கம் அலை செமயா அடிக்கும். அந்தப் பக்கம்...”

“யோவ் பாய்! உப்புல சேத்தைப் போட்டா எவன் வாங்குவான்? லாரி கெளம்புது, போய் ஏறு!”

மேஸ்திரி சடையப்பன் வாரும் பலகையால் ஒரே இழுப்பில் முனையை இல்லாமல் செய்கிறார். கலங்கல் பாத்தி முழுவதும் பரவுகிறது. பாய் உப்பு மூட்டைகளின்மேல் ஏறிவிடுகிறார். நான் வரப்பில் ஓடுகிறேன்.

“பாய், அந்தப் பக்கம் என்ன?”

இரைச்சலில் ‘படகுங்க’ என்ற ஒரு சொல் மட்டுமே என்னை வந்தடைகிறது. அவர் வலக்கையை வளைத்து, குழந்தையை அணைப்பதுபோல் காட்டுகிறார். லாரி சாலையில் திரும்பிவிடுகிறது. நானும் கையை அவ்வாறே வளைத்து, அதனுள் ஒரு படகை நிறுத்திப் பார்க்க முயல்கிறேன்.

“ஏம்மா பூங்காவனம், கை சுளுக்கிக்கிச்சா? வந்து சேத்தை அள்ளு.”