வழி தெரியலைங்க

“இன்னைக்கும் தொலைஞ்சு போயிட்டாளா?” என்று தம்பியிடம் கேட்டேன்.

ஷூவைக் கழற்றிக்கொண்டே தலையாட்டினான். முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவனும் அவன் மனைவியும் இந்த ஊருக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. அவனுக்கு மருந்துக் கிடங்கில் வேலை. பத்து நாள் கூட இருந்து வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நான் வந்திருந்தேன். வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். அவள் மதியம் கடைக்குப் போவாள். திரும்பும்போது வழி மறந்துவிடும். உடனே தம்பிக்கு ஃபோன்.

கிடங்கில் செல்ஃபோன் வைத்துக்கொள்ளக் கூடாது. வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்களாம். அவசரம் என்றால் மட்டும் சூப்பர்வைசர் மேஜையில் இருக்கும் ஃபோனுக்குக் கூப்பிடலாம். தினமும் அந்த மனிதர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “உங்க வீட்டம்மா மறுபடியும் காணாமப் போயிட்டாங்க” என்று ரிசீவரை நீட்டுவாராம். கூட வேலை பார்ப்பவர்கள் இவனுக்குக் ‘கைகாட்டி மரம்’ என்று பேரே வைத்துவிட்டார்கள்.

“அடுத்த மாசம் உனக்கு வேலை நிரந்தரம் ஆகணும்டா. இந்த நேரத்துல போய் அந்த ஆளுகிட்ட கெட்ட பேர் வாங்கணுமா?”

“புது ஊராச்சேக்கா. பாவம், அவ என்ன செய்வா?”

பாவமாம்! அவள் சொந்த ஊரில் என்ன வேலை பார்த்தாள் தெரியுமா? சர்வேயர். வெயிலிலும் முள்ளிலும் நடந்து ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து எல்லைக்கல் நட்டவள். அவளுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் கடையிலிருந்து வீட்டுக்கு வரத் தெரியாதாம். காதில் பூச்சுற்றுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

வீட்டிலும் வாய் திறக்க மாட்டாள். “சாப்பிடுறீங்களா அண்ணி?”, “ஃபேன் போடட்டுமா அண்ணி?” அதோடு சரி. இவனுக்காக வேலையை விட்டுவிட்டு வந்தவள், மனத்தாங்கல் இருக்கும்தான். அதற்காகப் புருஷன் பிழைப்பில் மண்ணைப் போடுவதா?

மறுநாள் மதியம் குப்பையைப் போடக் கிளம்பினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியிலேயே இறங்கினேன். கீழ்ப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். காலடியில் காய்கறிப் பை. காதில் ஃபோன்.

“என்னங்க, வழி தெரியலைங்க.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கட்டடத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சு!

“சரி, நேராத்தான் போறேன்... பாலமா? பாலம் எதையும் காணோமேங்க...”

இந்தப் பக்கத்தில் பாலமே கிடையாது. பொய்க்குப் பாலம் வேறு கட்டுகிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

“திரும்பிட்டேங்க. இங்க ஒரு வீட்டு ஜன்னல்ல வரிசையா ஆறு பூனை உக்காந்திருக்கு. நிஜமாத்தான்! அதுல ஒண்ணு உங்களை மாதிரியே முறைக்குது.”

சிரித்தாள். நான் வந்த ஏழு நாளில் அவள் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“சாப்பிட்டீங்களா?... இல்லைங்க, அழவெல்லாம் இல்லை. காத்து அடிக்குது, அதான் மூக்கை உறிஞ்சுறேன்.”

எட்டு நிமிடம் பேசினாள். பேசி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குப்பைப் பையோடு சத்தமில்லாமல் மேலே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவளும் வந்தாள். “வழி தவறிட்டேன் அண்ணி. அதான் லேட்டு.”

சாயங்காலம் அவள் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போன நேரம் பார்த்துத் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அவ உன்னை நல்லா முட்டாளாக்குறாடா. கீழே நம்ம படியில உக்காந்துக்கிட்டுத்தான் உன்கிட்ட வழி கேக்குறா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். கை நிற்கவே இல்லை.

“தெரியும்க்கா.”

“தெரியுமா!”

“வந்த ரெண்டாவது வாரமே தெரியும். ஃபோன்ல நம்ம லிஃப்ட் கதவு கிறீச்சுங்கிற சத்தம் கேட்டுச்சு.”

“தெரிஞ்சுமா சும்மா இருக்கே? பேசணும்னா சாயங்காலம் வீட்டுல உக்காந்து பேச வேண்டியதுதானே?”

“வீட்டுல எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேங்கிறா. அவ கேட்டா நானும் அதையேதான் சொல்றேன். அதுக்கு மேல ரெண்டு பேருக்குமே வார்த்தை வர மாட்டேங்குது. வேலையை விடச் சொல்லிக் கூட்டிட்டு வந்தவன் நான். என்கிட்டயே வந்து, இங்க எனக்கு யாருமே இல்லைன்னு எப்படிச் சொல்லுவா?” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். “எனக்கு மட்டும் இங்க யாரு இருக்கா?”

அவன் சொல்வது புரிந்தது. ஆனாலும் அக்கா அல்லவா, வீம்பு விடவில்லை.

“அதுக்காக, அந்த ஆள் முன்னாடி நின்னுக்கிட்டு, வீட்டு வாசல்ல இருக்கிறவளுக்கு வழி சொல்லிக்கிட்டு இருப்பியா?”

மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பி குரலைத் தாழ்த்தினான்.

“சரியான வழியை நான் ஒரு நாள்கூடச் சொன்னதில்லைக்கா. சொல்லிட்டா ரெண்டே நிமிஷத்துல வீடு வந்துடுமே.”