முதலில் விழித்த பிரிண்டர்

“கூப்பிட்டா ‘இருக்கேன்’னு பதில் வருது. ஆனா பதில் சொல்றது இவன் இல்லம்மா, வேற எவனோ!” என்றார் கம்ப்யூட்டர்க்காரர், காணாமல்போன ஆளைத் தேடுகிறவர் மாதிரி.

கேஷியர் குரலைத் தாழ்த்தினாள். “புதிர் போடாதீங்கண்ணே. பிரிண்டருக்கு நான் அனுப்பினது எங்க போச்சு?”

அவள் அனுப்பியது வேலைக்கான விண்ணப்பம். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு. அங்கே ஐந்து மணிக்கே விட்டுவிடுகிறார்கள்; முதுகு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கும் கணவனைப் பொழுதோடு போய்ப் பார்க்கலாம். வீட்டில் பிரிண்டர் ஏது? எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஆபீசிலேயே பட்டனை அமுக்கினாள். மேஜையருகே நின்ற பிரிண்டர் அசையவே இல்லை. தட்டில் காலையில் அடித்த பில்கள் மட்டும் குப்புறக் கிடந்தன. பதறிப்போய்ப் பின்கட்டிலிருந்த கம்ப்யூட்டர்க்காரரைக் கூட்டிவந்தாள்.

முதலாளிக்குத் தெரிந்தால் தொலைந்தாள். போன மாதம் டிசைனர் வேறு இடம் தேடுகிறான் என்று மேனேஜர் போட்டுக்கொடுத்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட விடாமல் அவனை அனுப்பிவிட்டார்கள். அந்த மேனேஜருக்கு ஆபீசில் ‘கண்கொத்தி’ என்றுதான் பேர். இவள் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

“எத்தனை தரம் அமுக்கினே?”

“வரலையேன்னு... மூணு தரம்.”

“அப்ப மூணு காப்பி!” என்றார் அவர் உற்சாகமாக. “இரு, விளக்கமா சொல்றேன்.”

“விளக்கம் வேணாம்ணே, பேப்பர்தான் வேணும்!”

“புரிஞ்சாத்தானே தேட முடியும்?” பிரிண்டர் தட்டில் மேலாகக் கிடந்த தாளை அப்படியே எடுத்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டார்.

“ஐயோ, பில்லுல கிறுக்காதீங்க!”

“பின்பக்கம்தானம்மா. இங்க பாரு. ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு எண். உன் கம்ப்யூட்டருக்குப் பிரிண்டரோட முகம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். இருபத்தொண்ணு உன்னோடதுன்னு நம்பி அனுப்பிடும். அந்த எண்ணைக் குடுக்கிறது யாரு? அதோ சுவத்துல தொங்குதே, அந்த நெட்வொர்க் பெட்டி. கரண்ட் போய் வந்தா அதுக்குப் பழசெல்லாம் மறந்துடும். முதல்ல முழிச்சவனுக்கு இருபத்தொண்ணு, அடுத்தவனுக்கு இருபத்திரண்டு. எண்ணை நிரந்தரமா போட்டு வைக்கலாம்னு அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா?”

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் கரண்ட் போய் வந்தது அவளுக்கு நினைவு வந்தது.

“இங்க இருக்கிறதே ரெண்டு பிரிண்டர். ரெண்டு பேரும் எண்ணை மாத்திக்கிட்டாங்க. அவ்வளவுதான் விஷயம்!” இரண்டு கட்டங்களுக்கும் நடுவே குறுக்கும் மறுக்குமாக அம்பு இழுத்தார்.

இரண்டாவது பிரிண்டர் மேனேஜர் அறைக்குள் இருந்தது. அவர் சாப்பிடப் போகவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் குறுக்கும் நெடுக்குமாக நடப்பது தெரிந்தது.

“அண்ணே, திரும்ப வாங்கிட முடியாதா? ஏதாவது பண்ணுங்கண்ணே...”

“மூணும் அடிச்சு முடிச்சாச்சுன்னு காட்டுதேம்மா. பேப்பர்ல ஏறிட்டா அப்புறம் நம்ம கையில இல்ல.”

கண்ணாடிக் கதவு திறந்தது. “கேஷியர், உள்ள வாங்க.”

உள்ளே போனதும் மேனேஜர் கதவைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டார். மேஜைமேல் மூன்று தாள்கள் வரிசையாக இருந்தன. மூன்றிலும் அவள் பெயர், மூன்றிலும் எதிர்க் கம்பெனியின் பெயர்.

“சார், வீட்ல அவர் படுத்த படுக்கையா இருக்காரு. அஞ்சு மணிக்கு விடுவாங்களேன்னுதான்... வேற ஒண்ணுமில்ல சார். முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

கண்கொத்தி சத்தம் போடவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று தாள்களையும் சேர்த்து அவள் பக்கம் நகர்த்தினார். வெளியே யாருக்காவது கேட்டுவிடப் போகிறதோ என்று கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு, கிட்டே வந்து கிசுகிசுத்தார்.

“உங்க பிரிண்டர்ல என்னோட தாள் ஒண்ணு வந்திருக்கணும்மா... நானும் அதே கம்பெனிக்குத்தான் போட்டிருக்கேன்!”